எயிட்ஸைக் காட்டிப் பயமுறுத்துவதை நிறுத்துங்கள்

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நம் கரையோர ஊர்களில் எச்.ஐ.வி. பற்றி ஊறிப்போயிருக்கிற நம்பிக்கை ஒன்றுதான்: கிட்டப் போனாலே ஒட்டிக்கொள்ளும். முத்தத்தில் வரும், வியர்வையில் வரும், சலூன் கத்தியில் வரும், நுளம்பு கடித்தால் வரும், நோயுள்ளவர் குடித்த கிளாசில் தண்ணீர் குடித்தால் வரும். இது பிழை என்பது படித்த பலருக்குத் தெரியும். தெரிந்தும் திருத்த மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "பயம் இருக்கட்டும், அப்பதான் பொடியன்மார் ஒழுங்கா இருப்பானுகள்." வகுப்பறையில் ஆசிரியர் சொல்கிறார், மிம்பரில் நின்று மௌலவி சொல்கிறார், வீட்டில் வாப்பா சொல்கிறார். முதல் நம்பிக்கை வெறும் அறியாமை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்தானது. தெரிந்தே ஒரு பொய்யை ஊருக்குள் உலவ விட்டுவிட்டு, அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தப் பொய்க்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை.

நான் பார்க்கிறேன். சாய்ந்தமருதில் பாமசி நடத்துகிறவன் நான். இஷா முடிந்து, கடையில் ஆள் குறைந்த பிறகு சிலர் வருவார்கள். பனடோல் கேட்பார்கள், காசைக் கொடுப்பார்கள், ஆனால் போக மாட்டார்கள். அப்படி வந்த ஒருவனை மறக்க முடியவில்லை. யாரென்று தெரியக்கூடாது என்பதால் அவனுடைய ஊரையும் தொழிலையும் விட்டுவிடுகிறேன். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும்.

"காக்கா, ஒரு விசயம் கேக்கணும். ஆருக்கிட்டயும் சொல்லப்படாது."

கொழும்பில் வேலைக்கு நின்ற காலத்தில் ஒரு பெண்ணோடு பழகியிருக்கிறான். கட்டிப்பிடித்தது, முத்தமிட்டது, கையால் தொட்டது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்து சொன்னான். அன்றிலிருந்து அவனுக்கு நித்திரை இல்லை. நாக்கு வெள்ளையாகப் படிகிறது, வயிறு கலக்குகிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றான். நான் பார்த்தேன். நெறி ஒன்றும் இல்லை. ஆனால் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. நெறி இருக்கிறதா, பெருத்துவிட்டதா என்று நாள் முழுக்க விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறான். வீட்டில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். "நிப்பாட்டச் சொல்லப் போறன் காக்கா. அந்தப் புள்ளக்கி நான் நோயக் குடுக்க ஏலா."

அவனுக்கு எச்.ஐ.வி. வந்திருக்க வழியே இல்லை. ஒழுங்காக இருக்கட்டும் என்று நாம் ஊட்டிய பயம், மனச்சாட்சியுள்ள ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய கல்யாணத்தையும் கலைக்கப் பார்த்தது. பயத்துக்கு உண்மையில் காரணம் உள்ளவர்கள் பாமசிக்கு வந்து என்னிடம் கேட்பதில்லை.

ஏன் வழியே இல்லை என்பதை விளக்கியே ஆக வேண்டும். ஊரில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எச்.ஐ.வி. என்பது மனித உடம்புக்குள் மட்டும் வாழத் தெரிந்த கிருமி. இரத்தம், விந்து, யோனித் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் தொற்றுவதற்குப் போதுமான அளவில் இருக்கும். அதுவும் இன்னொருவரின் இரத்த ஓட்டத்துக்குள்ளோ, உட்புற மென்சவ்வுக்குள்ளோ நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். காயமில்லாத தோலை அதனால் ஊடுருவ முடியாது. வெளியே வந்து காய்ந்துவிட்டால் வீரியம் போய்விடும். எச்சிலில் அதைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. கண்ணீரிலும் வியர்வையிலும் தொற்றும் அளவுக்கு அது இருப்பதில்லை. அதனால் தழுவுவதில் பரவாது. முத்தத்தில் பரவாது. கையால் தொடுவதில், உடையோடு உடை உரசுவதில், பக்கத்தில் படுப்பதில் பரவாது. முத்தத்தைப் பற்றி வாதாடுகிறவர்கள் ஒரு சம்பவத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1997இல் வெளியிட்டது அது. ஈறுகளில் நோயும் இரத்தக் கசிவும் இருந்த ஒரு சோடியைப் பற்றியது. அங்கும் பரவியது பெரும்பாலும் இரத்தத்தால்தான் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். உலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கோடி முத்தம் என்று யோசித்துப் பார்த்தால் அந்த ஒற்றைச் சம்பவத்தின் எடை தெரியும்.

நுளம்பு தன் எச்சிலைத்தான் நமக்குள் செலுத்துகிறது, முதலில் கடிபட்டவரின் இரத்தத்தை அல்ல. அதன் வயிற்றுக்குள் போன எச்.ஐ.வி. செரித்து அழிந்துவிடும். நுளம்பால் பரவும் என்றால் டெங்கு வருகிற நம்முடைய வீடுகளில் குழந்தைகளும் கிழவர்களும் அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? சலூனில் புது பிளேட் போடச் சொல்லிக் கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அங்கே அஞ்ச வேண்டியது மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெப்பட்டைட்டிஸ் பி. அது உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். கல்யாண வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஆறு பேர் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுகிறோம். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் மற்ற ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருப்பவர் விட்டுவைத்த வட்டிலப்பத்தை எடுத்துச் சாப்பிட்டாலும் ஆகாது.

இனி உண்மையான ஆபத்து. ஆணுறை இல்லாத உடலுறவு, ஊசியைப் பகிர்தல், சோதிக்காத இரத்தம் ஏற்றுதல், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் வழிகள். இவற்றுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு பெரிது. அதே அமெரிக்க மையத்தின் கணக்குப்படி, சிகிச்சை எடுக்காத ஒருவரோடு ஆணுறையின்றி யோனிவழி உறவு கொண்டால் ஆணுக்குத் தொற்றும் சராசரி வாய்ப்பு 10,000 தடவைக்கு 4, பெண்ணுக்கு 8. ஆசனவழி உறவை ஏற்கிறவருக்கு அது 138. தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றினால் 9,000க்கும் மேல். வாய்வழி உறவில் எண்ணாகச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவு. சராசரி என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது; ஒரே தடவையில் தொற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 138க்கும் 4க்கும் பூச்சியத்துக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே பாவமூட்டையாகக் கட்டி வைத்தால், முத்தமிட்டவன் சாகப் போகிறேன் என்று அழுவான். ஆணுறையின்றிப் பலரிடம் போகிறவன், 'இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகவில்லையே' என்று துணிந்துவிடுவான். இரண்டும் நம் ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பயந்தவனுக்குப் பரிசோதனைகூட நிம்மதி தருவதில்லை. ஊரில் செய்தால் கதை வெளியே போய்விடும் என்று மட்டக்களப்புக்கு பஸ் ஏறுகிறார்கள், கொழும்பு வரைக்கும் போகிறார்கள். முடிவு 'இல்லை' என்று வருகிறது. இரண்டு நாள் நிம்மதி. பிறகு, ஆய்வுகூடத்தில் இரத்தம் மாறியிருக்குமோ, நாள் போதாதோ, இது புதுவகைக் கிருமியோ என்று திரும்பத் தொடங்கிவிடும். இராத்திரி இரண்டு மணிக்கு போனில் அறிகுறிகளைத் தேடுவார்கள். காய்ச்சல், தொண்டை நோவு, வயிற்றோட்டம், தோலில் தடிப்பு என்று வரும். இவை தடிமன் பிடித்தாலும் வரும், நித்திரையில்லாமல் பயந்துகொண்டிருந்தாலும் வரும். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க எந்த டாக்டராலும் முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி. ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாள் கழித்து 'இல்லை' என்று சொன்னால் இல்லை. விரல் நுனி இரத்தத்தில் செய்யும் உடனடிப் பரிசோதனை என்றால் 90 நாள். அதற்குப் பிறகு பத்தாவது தடவை இரத்தம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

நம் பள்ளிகளில் பின்வரிசையில் ஒருவர் தக்பீர் கட்டுவதும் அவிழ்ப்பதும், ஹவ்ழுக்குப் போய்த் திரும்பத் திரும்ப வுழூச் செய்வதுமாக நிற்பதைப் பார்த்திருப்போம். வஸ்வாஸ் என்று சொல்லி அவருக்காக இரங்குவோம். எயிட்ஸ் பயத்தில் உருகுகிறவனுக்கும் அதே நிலைதான். இதில் மார்க்கம் நமக்கு எதிராக இல்லை. வுழூ எடுத்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் வுழூ இருப்பதாகவே கொள்ளச் சொல்கிறது நம் ஃபிக்ஹு. உறுதியானதைச் சந்தேகத்தால் தள்ளக்கூடாது என்பது ஓதல் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிற பாடம். தொழுகைக்கு அந்த இலகுவைத் தருகிற உலமாக்கள், அல்லாஹ்விடம் தௌபாச் செய்துவிட்டு வந்து நிற்கிற ஒரு இளைஞனுக்கு ஏன் அதைத் தருவதில்லை? அவனுடைய பாவம் அவனுக்கும் றப்புக்கும் இடையிலான விசயம். கிருமி தொற்றியதா என்பது மருத்துவ விசயம். பாவம் நடந்தது என்பதால் நோயும் வந்தே ஆக வேண்டும் என்று அவன் நினைக்கிறான். அந்த நினைப்பை அவனுக்குக் கொடுத்தது நம்முடைய பயான்கள்.

இந்தப் பயம் நம் பக்கத்தில் ஏன் இவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதற்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, நம் வாழ்க்கை முறை. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டில் மாமி, மச்சி, மச்சான்மார் எல்லோர் கண்ணும் அவர் மேல் இருக்கும். கிளினிக் வாசலில் ஒருவர் பார்த்துவிட்டால் மறுநாள் இரண்டு குடும்பத்துக்கும் செய்தி போய்விடும். மற்றது, மத்திய கிழக்கு. கட்டாருக்கோ சவூதிக்கோ போக வேண்டுமென்றால் மெடிக்கல் பாஸ் பண்ண வேண்டும், அதில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். இருக்கிறது என்று வந்தால் விசா இல்லை, அங்கே போன பிறகு கண்டுபிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீடு கட்ட, தங்கச்சிக்குச் சீதனம் சேர்க்க அந்தப் பயணத்தையே நம்பியிருக்கிற ஒருவனுக்கு 'அன்ஃபிட்' என்ற முத்திரையைவிடப் பயங்கரம் எதுவுமில்லை. காய்ச்சல் என்று ஒருவர் இடையில் ஊர் திரும்பினாலும் கதை கட்டிவிடுகிறார்கள். பணிப்பெண்ணாகப் போய் உழைத்து அனுப்பிய பெண்களுக்கு நடப்பது இதைவிடக் கொடுமை.

பயம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். இரத்தம் கொடுத்தவருக்கு 19 வயது. தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரியாது. நம் பொடியன்மாரைப் போலத்தான், வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோது தெரியவந்தது. அவர் ஒளித்து வைக்கவில்லை. தான் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று ஓடிப்போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியிருந்தார்கள். சில நாளில் அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் அந்தத் தாய்க்குப் பிள்ளை பிறந்தது. மருந்து கொடுத்துக் காப்பாற்றியதால் பிள்ளைக்குத் தொற்றில்லை. மாத்திரை எடுத்திருந்தால் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கக்கூடிய, இவ்வளவு பொறுப்புணர்ச்சியுள்ள ஒரு பிள்ளை, கிருமி உடம்பில் எதுவும் செய்வதற்கு முன்பே அவமானத்தால் செத்துப் போனான். இந்த அவமானத்தை ஒழுக்கத்தின் காவலன் என்று சொல்கிறவர்கள் அவனுடைய தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

நம் நாட்டில் 2016இல் குளியாப்பிட்டியில் நடந்ததையும் மறந்துவிட்டோம். ஆறு வயதுப் பிள்ளை. தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்று ஊரில் ஒரு கதை. பிள்ளைக்குத் தொற்றில்லை என்று மருத்துவ அறிக்கை இருந்தது. அப்படியிருந்தும் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன; ஒரு பாடசாலை சேர்த்தபோது மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வகுப்பில் வாங்குக்கு வாங்கு வெறுமையாக, அந்தப் பிள்ளை தனியே உட்கார்ந்திருந்தான். கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் கல்வி உரிமையைப் பாதுகாக்க வேண்டும் என்று அந்த வருடம் ஏப்ரலில் முடிவானது. பிள்ளைகளைக் கூட்டிப்போன அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. 'தொட்டாலே வரும்' என்று அவர்களுக்கும் யாரோ சிறு வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நல்லதென்று நினைத்து. அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே தொற்று இருந்திருந்தாலும் அருகில் இருந்த பிள்ளைக்கு ஒன்றும் வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பாடசாலைகளில் இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று கல்முனையில் யாரிடமும் கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, இத்தனை பேரை வதைத்தாவது இந்தப் பயம் நோயைத் தடுத்ததா? 1987இல் இலங்கையர் ஒருவரிடம் முதன்முதலாகத் தொற்று கண்டுபிடிக்கப்பட்ட காலத்திலிருந்து மண்டையோடும் பாம்பும் வரைந்த சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நாட்டில் புதிதாக அறிக்கையிடப்பட்டவர்கள் 2021இல் 411 பேர், 2022இல் 607 பேர், 2023இல் 694 பேர். பரிசோதனை கூடியதும் இதற்கு ஒரு காரணம்தான். இருந்தாலும் முப்பத்தைந்து வருடப் பயமுறுத்தல் கிருமியை நிறுத்தவில்லை என்பது கண்முன்னே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1987இல், கறுப்பு அங்கி போட்ட மரணதூதன் மனிதர்களைப் பந்தெறிந்து வீழ்த்துவதாக ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டார்கள். நாடே நடுங்கியது. பரிசோதனை நிலையங்களில் வரிசை நீண்டது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் ஆபத்து ஏதும் இல்லாதவர்கள். நோயோடு இருந்தவர்களை மரணதூதனைப் பார்ப்பதுபோல ஊர் பார்க்கத் தொடங்கியது.

இது அல்லாஹ் இறக்கிய தண்டனை, அதை இலேசாக்காதீர்கள் என்பவர்களிடம் ஒரே கேள்விதான். புருசனிடமிருந்து தொற்றிய, வீட்டு வாசல் தாண்டாத பெண் செய்த குற்றம் என்ன? சாத்தூரில் சலைனைப்போல நம்பி இரத்தம் ஏற்றிக்கொண்ட தாயின் குற்றம் என்ன? கருவில் இருந்த பிள்ளை செய்தது என்ன? நோயைக் கொடுத்த அல்லாஹ் மருந்தையும் கொடுத்திருக்கிறான் என்று நீரிழிவுக்காரருக்குச் சொல்கிற வாய் இங்கே மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது? இலங்கையில் 2004 முதல் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை நாடு ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. நம் ஊர்களில் கர்ப்பிணிக் கிளினிக்குக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த வெற்றியில் நம் மருத்துவிச்சிமாருக்கும் பங்கு உண்டு. மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைத்தவரிடமிருந்து உடலுறவினாலும் தொற்றாது. ஐரோப்பாவின் 14 நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 888 சோடிகளைக் கவனித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆணுறையில்லாமல் சுமார் 58,000 தடவை. துணையிடமிருந்து துணைக்குப் பரவியது ஒன்றுகூட இல்லை. நோயாளியைக் கண்டே நடுங்குகிற ஊரில் இந்தச் செய்தி எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறது?

'இதையெல்லாம் வெளியே சொன்னால் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிடும்' என்பார்கள். ஒழுக்கத்துக்கு மார்க்கத்தில் போதுமான காரணம் இருக்கிறது. தக்வாவை ஊட்டுங்கள், குடும்பத்தின் அருமையைச் சொல்லுங்கள், நானும் கூட நின்று சொல்வேன். அதற்குக் கிருமியைப் பற்றிய பொய் தேவையில்லை. பிள்ளைகள் ஒருநாள் உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். அன்று கிருமி பற்றி நாம் சொன்னதை மட்டும் அல்ல, ஒழுக்கம் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத்தான் தள்ளுவார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உலக எயிட்ஸ் தினத்தையொட்டிய ஜும்ஆவில் குத்பா ஓதுகிற கதீப்மார், அதற்கு முன் ஒரு தடவை பாலியல் நோய்க் கிளினிக் டாக்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டு மிம்பர் ஏறட்டும். சுகாதார பாடம் எடுக்கிற ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை 'வீட்டில் வாசியுங்கள்' என்று தள்ளிவிடாமல் வகுப்பில் நின்று படிப்பிக்கட்டும்.

இப்போது கழுத்தை அழுத்திக்கொண்டு இதை வாசிக்கிற தம்பிக்கும் தங்கச்சிக்கும். உடலுறவு நடக்கவில்லை, ஊசி பகிரவில்லை என்றால் உங்களுக்குப் பரிசோதனையே தேவையில்லை. ஆணுறையில்லாமல் உறவு நடந்து 72 மணித்தியாலம் ஆகவில்லை என்றால் இன்றைக்கே போங்கள். 28 நாள் மருந்து எடுத்தால் தொற்றைத் தடுக்கலாம், முந்திப் போகப் போக நல்லது. நாள் கடந்திருந்தால் 45 நாள் கழித்து ஒரு பரிசோதனை. முடிவு 'இல்லை' என்று வந்த பிறகும் பயம் போகவில்லை என்றால் வைத்தியம் பார்க்க வேண்டியது அந்தப் பயத்துக்குத்தான். அதற்கும் நல்ல மருந்தும் ஆலோசனையும் உண்டு, மனநல டாக்டரைப் பாருங்கள், அல்லது 1926க்கு போன் எடுங்கள். பாலியல் நோய்க் கிளினிக் கல்முனையிலும் இருக்கிறது. காசு இல்லை, வேறு டாக்டரின் துண்டு தேவையில்லை, இரகசியம் காப்பார்கள். ஊரில் போகக் கூச்சமென்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கிறது.